பங்குனியில் என்ன படம்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. டிபன் பாக்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஆபீஸ் மாடிப்படி இறங்கும்போது பக்கத்து சீட் நண்பர் தோளில் தட்டிக் கேட்பார்: ''சண்டே என்ன சார் படம்?''

தீபாவளி, பொங்கல் என்றால் இந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கவே வேண்டாம். தெருவில் இருக்கிற அத்தனை சுவரும் பதில் சொல்லும். மாசி, பங்குனியில் கேட்டுப் பாருங்கள். சுவரெல்லாம் மௌன விரதம்! பொங்கலுக்கு ஒட்டிய போஸ்டர் வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். ஹீரோவின் ஒரு கண்ணை ஆடு தின்றிருக்கும். மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணால் அவர் நம்மைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். அப்படிப் பிரித்துப் பார்த்ததில், இந்த இரண்டு மாதமும் தியேட்டர்காரர்களுக்கு வரவுப் பத்தி காலி. பற்றுப் பத்தியோ நிரம்பி வழிகிறது. பிளஸ் டூவும் பத்தாம் வகுப்பும் பரீட்சை எழுதுகின்றன. வீட்டில் ஒரு பையன் பரீட்சை எழுதினால் அப்பா, அம்மா, பாட்டி எல்லோருக்கும் சினிமா கட். ஆபீஸ்களில் மார்ச் 31 கணக்கு முடிப்பு. லீவு கேட்டால் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். போதாக்குறைக்கு ஐ.பி.எல். கிரிக்கெட் வேறு. 2024-ல் இத்தனையோடு எலெக்ஷனும் சேர்ந்துகொண்டது. மார்ச் 22-ல் சேப்பாக்கத்தில் முதல் மேட்ச், ஏப்ரல் 19-ல் ஓட்டு. இதற்கு நடுவே எந்தத் தயாரிப்பாளர் பெரிய படத்தைக் கொண்டுவந்து இறக்குவார்?

இதைவிடப் பெரிய வறட்சியையும் நாம் பார்த்திருக்கிறோம். 2018 மார்ச் 1 முதல் தமிழில் புதுப்படமே கிடையாது என்று தயாரிப்பாளர்கள் ஸ்டிரைக் செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? தியேட்டரில் படத்தை டிஜிட்டலில் ஓட்டித் தருகிற கம்பெனிகள் வாங்கும் கட்டணம் அதிகம் என்று தகராறு. ஏறக்குறைய 50 நாள் இழுத்தது. ஏப்ரல் 20-ல் முதலில் வந்து இறங்கியது கார்த்திக் சுப்புராஜின் 'மெர்க்குரி'. அதில் வசனமே கிடையாது! ஐம்பது நாள் பட்டினி கிடந்தவன் இலையில் உட்கார்ந்தால், முதல் பரிமாறல் பேசாத படம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படமே இல்லாத பங்குனியில் பார்க்க ஏதாவது தேறுமா? தேறும் என்பதை நான் தெரிந்துகொண்டது சென்னை மல்டிப்ளெக்ஸில் அல்ல. தாயில்பட்டியில்.

எல்லோரும் ஆபீஸ் போகிற ஊர்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை தாலுகாவில் இருக்கிறது தாயில்பட்டி. என் தாய்மாமா ஊர். சுற்றிலும் கரிசல் காடு, வேலிக்கருவேல், நடுநடுவே எட்டி எட்டி நிற்கும் சின்னச் சின்ன செட்டுகள். பட்டாசு ஆலைகள்.

அந்தப் பக்கத்தில் யாரும் 'ஃபேக்டரி' என்று சொல்லமாட்டார்கள். 'பயர் ஆபீஸ்' என்பார்கள். தீப்பெட்டி செய்கிற இடம் 'தீப்பெட்டி ஆபீஸ்'. ஆக, அந்த ஊரில் எல்லோருமே ஆபீஸ் போகிறவர்கள்தான், உங்களையும் என்னையும் போல. ஒரே வித்தியாசம்: நமக்கு ஃபைல் கீழே விழுந்தால் பேப்பர் பறக்கும். அவர்களுக்கு மருந்து கீழே விழுந்தால்..? வேண்டாம், பிறகு சொல்கிறேன்.

சினிமாவுக்கும் அந்தச் சீமைக்கும் பழைய ஒட்டு உண்டு. தமிழ்நாட்டுச் சுவர்களில் நாம் வாய் பிளந்து பார்த்த எத்தனையோ சினிமா போஸ்டர்கள் சிவகாசி அச்சகங்களில் அடித்தவை. பட்டாசுப் பெட்டி மேலே ஒட்டுகிற லேபிளிலும் சினிமா முகம்தான் சிரிக்கும். இரண்டு தொழிலுக்கும் காலண்டர் ஒன்றே: எல்லாமே தீபாவளியைப் பார்த்து ஓடும்.

ஆனால் அந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு சினிமா பார்க்க வாய்ப்பது எப்போது? மாமா அழகாகச் சொல்வார்: ''பங்குனி, சித்திரையில நல்ல வெயிலு. சரக்கு நல்லாக் காயும். வேலை குமியும். கையில காசு இருக்கும், நேரம் இருக்காது. தீவாளி முடிஞ்சதும் ஆபீஸைப் பூட்டிருவான். நேரம் இருக்கும், காசு இருக்காது. தீவாளி அன்னைக்கு மட்டும் ரெண்டும் இருக்கும் மருமகனே... டிக்கெட்டு இருக்காது!''

இந்த மூன்றாவது வகையில்தான் மாமா 1991-ல் மாட்டினார். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 5. அன்றைக்கு ஒரே நாளில் 'தளபதி'யும் 'குணா'வும் வந்தன. மாமா ரஜினி ரசிகர். போனஸ் பணத்தோடு சிவகாசிக்குப் போய், 'தளபதி' க்யூவில் சட்டைப் பட்டன் இரண்டு அறுந்து, டிக்கெட் கிடைக்காமல், வந்ததற்கு ஏதாவது பார்ப்போமே என்று 'குணா'வுக்குள் நுழைந்தார்.

''ஒரு குகைக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு என்னமோ பேசிக்கிட்டே இருந்தாரு அந்தக் கமலஹாசன். தலையும் புரியலை, வாலும் புரியலை. என் தீவாளியே போச்சு.''

இந்தப் புலம்பலை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறேன். முப்பத்திரண்டு வருஷமாகத் தள்ளுபடி செய்யாமல் மாமா கணக்கில் வைத்திருக்கும் வாராக்கடன் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

2024 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. தேர்தல் தேதி அறிவித்த மறுநாள். நான் தாயில்பட்டியில் இருந்தேன்.

ஊர் வழக்கமான கலகலப்பில் இல்லை. சரியாக ஒரு மாதம் முன்னால், பிப்ரவரி 17 சனிக்கிழமை, வெம்பக்கோட்டை பக்கம் ராமுதேவன்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துப் பத்துப் பேர் போய்விட்டார்கள். சனிக்கிழமை வாரக் கூலி நாள். கூலி வாங்கி வருவார்கள் என்று வீட்டில் காத்திருந்த நாள்.

மாமா மகன், என் மாப்பிள்ளை, இருபத்தைந்து வயசு. அவனும் பயர் ஆபீஸில்தான் வேலை. அந்த ஒரு மாதமாக ஆபீஸ், வீடு, செல்போன் என்று இருந்தான். சாப்பிடும்போதுகூட விரலால் எதையோ தள்ளிக்கொண்டே இருந்தான். அரை நிமிஷ வீடியோ, அடுத்தது, அடுத்தது...

அத்தைதான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: ''அவனை எங்கனயாச்சும் ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாப்பா. ஒரு மாசமாச் சிரிக்கவே இல்லை.''

கூட்டிக்கொண்டு போகலாம். எந்தப் படத்துக்கு?

திண்ணையில் மந்திராலோசனை நடந்தது. நான், மாமா, மாப்பிள்ளை, அவன் சிநேகிதன் ஒருவன். நாலு பேர். (''பட்டாசு ரூம்ல நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாதுன்னு ரூல் இருக்கு மச்சான். அதான் கரெக்டா நாலு பேரு!'' என்றான் சிநேகிதன்.)

செல்போனில் தியேட்டர் லிஸ்ட்டைப் பார்த்தோம். பெயரே கேள்விப்படாத இரண்டு தமிழ்ப் படம். ஒன்றில் கத்தி, இன்னொன்றில் இரண்டு கத்தி.

''அதுக்கு மேட்டுக்காட்டுக்குப் போவோம்'' என்றார் மாமா. ''தோண்டுன குழியையாவது பாத்துட்டு வரலாம்.''

அவர் கிண்டலாகச் சொன்னாலும் அது லேசான இடம் இல்லை. வெம்பக்கோட்டை பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில் வைப்பாற்றங்கரை மேட்டை 2022 மார்ச்சிலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. சங்கு வளையல், சுடுமண் பொம்மை, கண்ணாடி மணி என்று எடுத்தார்கள். அதில் விளையாட்டுக் காய்களும் உண்டு! அந்தக் காலத்து ஆளுக்கும் பொழுது போகாத பங்குனி ஒன்று இருந்திருக்கிறது போல. அவன் போஸ்டரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை, காயை உருட்டியிருக்கிறான்.

மேட்டுக்காட்டை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்தி வைத்தோம். லிஸ்ட்டின் கடைசியில் ஒரு மலையாளப் படம் இருந்தது. 'மஞ்சும்மல் பாய்ஸ்.' வந்து நாலாவது வாரம். மற்ற படமெல்லாம் வந்த சுவடு தெரியாமல் போக, இது மட்டும் காட்சி கூடிக்கொண்டே போனது.

''மலையாளமா? எனக்கு என்னப்பா புரியும்?'' என்றார் மாமா.

''கொடைக்கானல்ல நடக்கிற கதை மாமா. பாதிப் பேச்சு தமிழ்தான்.''

''யாரு ஹீரோ?''

''அப்படி யாரும் இல்லை. ஒரு பத்துப் பதினொரு பையங்க டூர் போறாங்க.''

''ஹீரோ இல்லாத படத்துக்கு டிக்கெட்டு வேறயா!'' என்று முனகிக்கொண்டே வேட்டியை மாற்றிக்கொள்ள எழுந்தார். கதை எந்தக் குகையில் நடக்கிறது என்பதை மட்டும் நான் சாமர்த்தியமாக மறைத்துவிட்டேன். தெரிந்திருந்தால் மனுஷன் பஸ் ஏறியிருக்கமாட்டார்.

பொருளாதாரம் படித்த பாவத்துக்கு ஒரு கணக்கு. நாலு டிக்கெட், பஸ் சார்ஜ், இடைவேளையில் முறுக்கு, டீ, திரும்பும்போது பரோட்டா எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சில்லறை. ஒரு கட்டு இவ்வளவு என்று எண்ணி எண்ணிக் கூலி வாங்குகிறவனுக்கு அது சும்மா வருகிற பணம் இல்லை. போகிறதும் வாரத்தில் கிடைக்கிற ஒரே ஒரு லீவு நாள். இரண்டையும் மொக்கைப் படத்துக்குக் கொடுத்தால், பணம் போனதைவிட ஞாயிற்றுக்கிழமை போனதுதான் வலிக்கும். 'என்ன படம் பார்ப்பது' என்பது வெட்டிக் கேள்வி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குழிக்குள் ஒரு கயிறு

படம் ஆரம்பித்தது. டைட்டிலிலேயே 'குணா' படத்தின் காட்சி! இளையராஜாவின் அந்தக் கடிதம் எழுதுகிற பாட்டு!

மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... இருட்டிலும் சுட்டது. ''ஏலே, இதே குகைதானா? மறுபடியுமா?''

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2006-ல் நிஜமாக நடந்தது. கொச்சிக்குப் பக்கத்தில் மஞ்சும்மல் என்ற ஊரின் இளைஞர்கள் கொடைக்கானலுக்கு டூர் வருகிறார்கள். 'டெவில்ஸ் கிச்சன்' என்று வெள்ளைக்காரன் காலத்தில் பெயர் வாங்கி, படம் எடுத்த பிறகு 'குணா குகை' ஆகிவிட்ட இடத்தில், தடுப்பைத் தாண்டி உள்ளே போகிறார்கள். பாறை இடுக்கில் ஒருவன் விழுந்துவிடுகிறான். ஆழம் தெரியாத குழி. இதற்கு முன்னால் விழுந்தவர் யாரும் திரும்பியதில்லை என்கிறார்கள். போலீஸ் கையை விரிக்கிறது. ஒரு நண்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான்.

அவ்வளவுதான் கதை. டைரக்டர் சிதம்பரம் அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைக்கிறார். குகையில் பாதிக்கு மேல் செட் என்று பிறகு படித்தேன். பெரும்பாவூரில் போட்டார்களாம். தியேட்டரில் அது தோன்றவே இல்லை. ஈரமும் வௌவால் நாற்றமும்கூட வந்த மாதிரி இருந்தது.

பாதிப் படத்தில் எனக்குச் சுருக்கென்றது. அடடா, யாரைக் கூட்டிக்கொண்டு வந்து எந்தப் படத்துக்கு உட்கார வைத்திருக்கிறோம்! சிரிக்க வைக்கக் கூட்டி வந்தவனை இப்படி ஒரு குழிக்கு முன்னால் உட்கார்த்திவிட்டோமே என்று பக்கவாட்டில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். செல்போன் பைக்குள் இருந்தது. இரண்டு கையும் முன் சீட்டைப் பிடித்திருந்தன. கயிற்றை அவனும் பிடித்திருந்தான்!

மேலே வந்துவிட்டார்கள். அந்த இடத்தில் 'குணா' பாட்டு மறுபடி வருகிறது. தியேட்டர் முழுக்க விசில். யாரோ எழுந்து கைதட்டினார்கள். எனக்கு இந்தப் பக்கம் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

''ஏசி கண்ணைக் கரிக்குது'' என்றார்.

அந்த தியேட்டரில் ஏசி இரண்டு மணி நேரமாக ஓடவே இல்லை.

டீக்கடையில்

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ சொன்னோம். ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு சிநேகிதன்தான் ஆரம்பித்தான். பிப்ரவரி 17 அன்றைக்கு அவன் வேலை பார்த்த இடத்திலிருந்து புகை தெரிந்ததாம். ஓடியிருக்கிறான். தூரத்திலேயே நிறுத்திவிட்டார்களாம்.

''படத்துல போலீஸ்காரன் சொல்றதுதான் மச்சான் ரூலு. உள்ள போகக் கூடாது. எங்களுக்கும் அதான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஒரு ரூம் வெடிச்சா வெளிய ஓடு, திரும்பிப் பாக்காதே. பக்கத்து ரூம்ல மருந்து இருக்கும். ஆனா உள்ள நம்ம கூட வேலை பாக்கிறவன் இருந்தான்னா...''

முடிக்கவில்லை. டீயைக் குடித்தான்.

அவன் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. பட்டாசு ரூம்களை ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டச் சொல்வதும், ரூமுக்கு இத்தனை பேர்தான் என்பதும், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும் என்பதும் ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காகத்தான். அந்த இடைவெளி குறைந்தால், மரத்தடியில் உட்கார்ந்து செய்தால், கூடுதல் சரக்கு குவிந்தால், சங்கிலி மாதிரி பற்றும். உரசல் போதும். பங்குனி வெயில் போதும்.

மாமா மெதுவாக வாயைத் திறந்தார். 2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் நடந்த அந்தப் பெரிய விபத்து. ஏறத்தாழ நாற்பது உயிர். முதலில் வெடித்த சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடினார்கள். அவர்கள் பக்கத்தில் போன பிறகு அடுத்தது வெடித்தது. செத்தவர்களில் நிறையப் பேர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல.

''வேடிக்கை பாக்கப் போனவங்க செத்தாங்கன்னு பேசிக்கிட்டாங்க. வேடிக்கையா மருமகனே அது? எத்தனையோ பேரு தூக்கிட்டு வரப் போனவங்க. இந்தப் படத்துல அந்தப் பையன் எறங்குறான் பாரு, அதே மாதிரி. இவனுக்குக் கயிறு இருந்துச்சு. அவங்களுக்கு அதுகூட இல்லை.''

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். 'வாணவேடிக்கை' என்கிறோம். ஊர் ஊருக்கு, மாநிலம் மாநிலமாக, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் எலெக்ஷன் ஜெயிப்புக்கும் வேடிக்கை செய்து அனுப்புகிற பூமி அது. நாமெல்லாம் வருஷத்துக்கு ஒரு நாள் வானத்தைப் பார்த்து 'ஆ' என்று வாயைத் திறக்க, அவர்கள் மீதி நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து திரி வைக்கிறார்கள். அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் பார்க்க ஒரு நல்ல வேடிக்கை வேண்டாமா? சிரிக்க வைக்கிற படம்தான் வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டு போனேன். அவர்கள் மனசில் ஒரு மாதமாக அடைத்துக்கொண்டிருந்ததைப் பேச வைக்கிற படமாக அது அமைந்துவிட்டது.

நிஜத்தில் அன்று குழிக்குள் இறங்கிய அந்த மஞ்சும்மல் நண்பருக்குப் பின்னால் மத்திய அரசு ஜீவன் ரக்ஷா பதக்கம் கொடுத்தது என்று நான் சொன்னேன்.

''கொடுக்கணும்ல'' என்றான் சிநேகிதன். ''எனக்கு ஒரு முட்டை பரோட்டா சொல்லு மச்சான்.''

பதக்கத்திலிருந்து பரோட்டாவுக்கு அப்படி ஒரு தாவல்! மாப்பிள்ளை சிரித்துவிட்டான். அத்தைக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

தேய்மானம் கழித்த படங்கள்

அந்தப் பங்குனியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் அடித்த வசூல் 50 கோடியைத் தாண்டியது என்று எழுதினார்கள். நேரடி மலையாளப் படம் ஒன்றுக்குத் தமிழ்நாட்டில் அப்படி ஓர் ஓட்டம் அதற்கு முன்னால் இல்லை. பெரிய தமிழ்ப்படம் ஏதாவது நடுவில் வந்திருந்தால் இத்தனை ஸ்கிரீன் கிடைத்திருக்குமா? கடை காலியாக இருந்ததால்தான் பக்கத்து ஊர்ச் சரக்கு நம் கண்ணில் பட்டது.

அடுத்து வந்தது இன்னொரு கூத்து. ஓட்டுப் போட்டு மை காய்வதற்குள், ஏப்ரல் 20 அன்றைக்கு, 'கில்லி' வந்தது. 2004 ஏப்ரலில் வந்த அதே 'கில்லி'! தரணி டைரக்ஷன், விஜய், த்ரிஷா, மதுரை முத்துப்பாண்டியாகப் பிரகாஷ்ராஜ். டி.வி.யில் எத்தனை தரம் போட்டிருப்பான் என்று அந்த டி.வி.க்கே தெரியாது. ஆனாலும் தியேட்டரில் புதுப்படம் மாதிரி திருவிழா. அதற்கு முந்தின டிசம்பரில் 'முத்து'வும் 'ஆளவந்தா'னும் ஒரே நாளில் திரும்ப வந்திருந்தன.

இதில் காமர்ஸ் ரகசியம் ஒன்று இருக்கிறது. பழைய படம் என்பது முழுக்கத் தேய்மானம் கழித்த மெஷின் மாதிரி. சம்பளம், செட், ஷூட்டிங் செலவெல்லாம் எப்போதோ கணக்கில் முடிந்து போனவை. பிரிண்டைச் சுத்தம் செய்து, சத்தத்தைச் சீராக்கி விட்டால் போதும். வருகிறது பெரும்பாலும் லாபம். தியேட்டருக்கும் காலி நாற்காலிக்குக் கரண்ட் கட்டுவதைவிட இது தேவலை.

பார்க்கிறவனுக்கு என்ன லாபம்? 'கில்லி' முதலில் வந்தபோது என் மாப்பிள்ளைக்கு ஐந்து வயசு. டி.வி.யில் விளம்பர இடைவேளையோடு துண்டு துண்டாகப் பார்த்தவன். பெரிய திரையில், ஐநூறு பேரோடு சேர்ந்து பார்ப்பது அவனுக்கு முதல் தடவை. அவனுக்கு அது புதுப்படம்தானே?

பழசைப் பார்ப்பது நமக்குப் புதுப் பழக்கமும் இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது பங்குனிப் பொங்கலுக்கு மாமா ஊரில் வாடகை டெக்கும் கலர் டி.வி.யும் வரும். முதலில் சாமி படம். அடுத்து எம்.ஜி.ஆர். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் இங்கிலீஷ் சண்டைப் படம். தரையில் துண்டை விரித்து ஊரே உட்கார்ந்திருக்கும். 'புதுப்படம் ஏன் போடவில்லை' என்று ஒருத்தர் கேட்டதில்லை.

என்னதான் பார்ப்பது?

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். கையில் ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டாமா? தாயில்பட்டித் திண்ணையில் நான் தேற்றிய நாலு கணக்கு இதோ:

முதல் கணக்கு: 'என்ன படம் ஓடுகிறது' என்று கேட்காதீர்கள். 'எந்தப் படத்துக்குக் காட்சி கூடியிருக்கிறது' என்று பாருங்கள். முதல் வாரக் கூட்டம் போஸ்டர் சேர்த்தது. நாலாவது வாரக் கூட்டம் பார்த்தவன் வாய் சேர்த்தது. 1999 டிசம்பரில் 'சேது' வந்தபோது வாங்க ஆள் இல்லாமல் புறநகர் தியேட்டரில் பகல் காட்சியில் தொடங்கியது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே நூறு நாள் தாண்டியது.

இரண்டாவது: பாஷையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மாமாவுக்கே புரிந்துவிட்டது. மாமாவுக்கு முப்பத்திரண்டு வருஷமாகப் புரியாதது தமிழ்ப் படம்தான்!

மூன்றாவது: செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 'மஞ்சும்மல் பாய்ஸ்' மே மாதமே செல்போனுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை திரும்பவும் பார்த்தான். ''குழி தெரியுது மச்சான், ஆழம் தெரியலை'' என்றான். சினிமா விமர்சகர்கள் பத்துப் பக்கம் எழுதுவதை ஒரு வரியில் முடித்துவிட்டான்.

நாலாவது: தனியாகப் போகாதீர்கள். படம் சுமாராக இருந்தாலும் டீக்கடை மிச்சம்.

தீபாவளி, பொங்கலில் போஸ்டர் நம்மைத் தேர்ந்தெடுக்கிறது. நாம் க்யூவில் நிற்கிறோம், சட்டைப் பட்டன் அறுகிறது. படமே இல்லாத பங்குனியில்தான் சார், நாம் படத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அதனால் அடுத்த தடவை பக்கத்து சீட் நண்பர் மாடிப்படியில் 'சண்டே என்ன படம்' என்று கேட்டால் உதட்டைப் பிதுக்காதீர்கள். 'வாங்க, தேடுவோம்' என்று சொல்லுங்கள்.

'கில்லி' வந்த வாரம் மாமா போன் செய்தார்.

''மருமகனே, பழைய படமெல்லாம் திரும்பப் போடுறானாமே. அந்தக் 'குணா'வைப் போட்டாச் சொல்லு.''

''உங்களுக்குத்தான் அது பிடிக்காதே மாமா?''

''அன்னைக்குத் 'தளபதி' டிக்கெட்டு கெடைக்கலைங்கிற கடுப்புலயே உக்காந்திருந்தேன்யா. படத்தை எங்க பாத்தேன்?''

வாராக்கடன் வசூலாகிவிட்டது!